ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு நாலாயிரத்துக்குள்ள ரெட் டாட்: உப்புக் காத்துக்குத் தாங்குறதா எது?

மண்டபம் மெக்கானிக்:

அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம். நான் மண்டபத்துல விசைப்படகு இஞ்சின் வேலை பாக்குறவன், வயசு 49. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒண்ணு வச்சிருக்கேன். குழல் 0.177 அங்குலம், ரவையோட சக்தி இருபது ஜூலுக்கு உள்ள, லைசென்ஸ் வேண்டாத ரகம். படகெல்லாம் கடலுக்குப் போயிட்டா பட்டறையில வேலை இருக்காது. அன்னைக்குப் பின்னாடி தோப்புல மணல் மூட்டையை அடுக்கி, முன்னாடி சோடா மூடியும் கிரீஸ் டப்பா மூடியும் தொங்கவிட்டு சுடுறதுதான் நம்ம பொழுதுபோக்கு. 20 மீட்டர், மிஞ்சுனா 25. கொக்கு, மயில்னு யாரும் ஆரம்பிக்காதீக. அந்தப் பழக்கம் எனக்கு இல்ல, இனியும் வராது.

ரெண்டு வருஷமாக் கண்ணு காலை வாருது. குறி பாக்குற பின் சைட்டைப் பாத்தா முன் சைட் மங்குது, முன் சைட்டைப் பாத்தா மூடி மங்குது. சரி, ரெட் டாட் (கண்ணாடிக்குள்ள தெரியுற செவப்புப் புள்ளியைக் குறி மேல வச்சு சுடுற சைட்) போட்டா எல்லாம் தீரும்னு சொன்னாகளேன்னு போன வருஷம் ஆன்லைன்ல 1,400 ரூவாய்க்கு ஒண்ணு வாங்குனேன். எந்தக் கடைன்னு கேக்காதீக. திறந்த கண்ணாடி வச்ச ரகம். அது பட்ட பாட்டைக் கேளுங்க.

மொதல்ல, சுடச் சுட சைட் பின்னாடி வழுக்கிக்கிட்டே வந்துச்சு. முப்பது ரவை சுட்டா ஒரு நூல் நகர்ந்திருக்கும், சைட்டை மாட்டுற ரெயில்ல கோடு விழுந்துபோச்சு. அடுத்து, புள்ளி புள்ளியாவே தெரியல, நெருஞ்சி முள்ளு மாதிரி நாலு பக்கமும் கால் நீட்டிக்கிட்டு நிக்குது. கடைசியா ஆனி மாசம் கச்சான் காத்து அடிக்க ஆரம்பிச்சதும் ஆளு மொத்தமா அணைஞ்சுட்டாரு. ரெண்டு ரூவாக் காசை வச்சு பேட்டரி மூடியைத் திருகுனேன், நறநறன்னு வந்துச்சு. உள்ள இருந்த தகடு பச்சை பூத்துக் கிடக்கு, பேட்டரி ஓரம் பூரா வெள்ளை மாவு. கூலிங் பைப்பு அரிச்சா எப்படி இருக்குமோ அதே லட்சணம்.

இப்ப கையில 4,000 இருக்கு. திறந்த ரகமா, குழாய் ரகமா? புள்ளி அளவு 2 எம்ஓஏ, 4 எம்ஓஏன்னு போட்டிருக்கானே, எதை எடுக்க? (பட்டறைப் பசங்க வேற, "லேசரா மாமா, செவுத்துல புள்ளி விழுமா"ன்னு தினம் கேக்குறானுக. விழாதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.)

கீழக்கரை காக்கா:

மெக்கானிக் அண்ணே, சைட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி வெர்னியரை எடுத்து உங்க ரைஃபிள் ரெயிலை அளந்து பாருங்க. நம்ம ஊரு ஏர் ரைஃபிள் பாதிக்கு மேல 11 மில்லி டவ்டெயில், அதாவது துப்பாக்கி மேலயே சரிவா வெட்டுன பள்ளம். கடையில தொங்குற ரெட் டாட் பெரும்பாலும் 20 மில்லி ரெயிலுக்கு வர்றது. நடுவுல ஒரு அடாப்டரைச் சொருகித் தந்துருவாங்க. அது ஒரு இடத்துல இறுக்க வேண்டியதை ரெண்டு இடமாக்கும், சைட்டையும் உசரத்துல தூக்கி வைக்கும். உங்க சைட் வழுக்குனது அங்கதான்னு நினைக்கிறேன்.

ஸ்பிரிங் துப்பாக்கியோட கதையே வேற. பிஸ்டன் முன்னாடி பாயும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நின்னதும் துப்பாக்கி முன்னாடி இழுக்கும். ஒரு ரவைக்கு ரெண்டு அடி, ரெண்டு திசையில. வெடிமருந்துத் துப்பாக்கிக்குன்னு செஞ்ச சைட் பின் உதையைத்தான் எதிர்பாத்திருக்கும், இந்த முன் இழுப்பு அதுக்குப் புதுசு. அதனால வாங்கும்போது "ஸ்பிரிங் ஏர்கன்னுக்குத் தாங்கும்"னு எழுத்துல போட்டிருக்கான்னு பாருங்க. போடலைன்னா விட்டுருங்க, விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் சரி.

மவுண்ட், அதாவது சைட்டை ரெயில்ல பிடிக்கிற கிளாம்பு, 11 மில்லிக்கு நேராப் பிடிக்கிற ஒத்தைத் துண்டா இருக்கட்டும். அடியில ஸ்டாப் பின் உள்ளதா எடுங்க. உங்க ரைஃபிள் மேல சின்னக் குழி இருக்கான்னு பாருங்க, அந்தப் பின் அதுல உக்காந்துட்டா சைட் எங்கயும் போகாது. ரெயில்ல இருக்கிற எண்ணெயைச் சுத்தமாத் துடைச்சுட்டு மாட்டுங்க. திருகுக்கு நீல லாக்டைட் (திருகு கழலாமப் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு. செவப்பு வேண்டாம், அப்புறம் கழட்ட அடுப்பு பத்த வைக்கணும்.

புள்ளி அளவுக்கு வாறேன். எம்ஓஏங்கிறது கோண அளவு, 1 எம்ஓஏ 100 மீட்டர்ல 29 மில்லி. உங்க 20 மீட்டர்ல அது 6 மில்லி சுமார். 2 எம்ஓஏ புள்ளி 12 மில்லியை மறைக்கும், 4 எம்ஓஏ 23 மில்லியை மறைக்கும். சோடா மூடிக்கு மேல 4 எம்ஓஏ வச்சா மூடியோட ஓரம்தான் தெரியும். 2 எடுங்க.

எங்க வாப்பா சொல்லுவாக, கடக்கரையில வீடு கட்டுனா ஆணியைக் கேட்டுக் கட்டுன்னு. திறந்த ரகம் நமக்கு ஆவாது. விளக்கு வெளியிலயே இருக்கு, உப்புத் திவலை நேரா அது மேல போய் உக்காரும். குழாய் ரகம்தான். ஐபி67ன்னு போட்டிருந்தா ஒரு மீட்டர் தண்ணிக்குள்ள அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம். பேட்டரி மூடியில ரப்பர் ஓ-ரிங் இருக்கான்னு கையால தொட்டுப் பாருங்க. அதுக்கு சிலிக்கான் கிரீஸ் தொட்டு வைங்க. பட்டறையில இருக்கிற இஞ்சின் கிரீஸை அப்பிராதீங்க, சில ரப்பர் அதுல ஊதிப் போகும்.

ராம்நாடு பீப் சைட்:

அண்ணா, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுறேன். எங்க போட்டியில ரெட் டாட்டுக்கு அனுமதியே கிடையாது, கண்ணாடி வச்சுப் பெருசாக்குற எதுவும் சைட்ல இருக்கக் கூடாது. இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்ல சுட்டதும் பீப் சைட் (சின்ன ஓட்டை வழியாப் பாக்குற சைட்) வச்சுத்தான். டார்கெட்ல பத்து மார்க் புள்ளி அரை மில்லி, ஒரு சுழியம் அளவுகூட இல்ல.

உங்க கண்ணுக்கும் அதையே யோசிச்சுப் பாருங்களேன். சின்ன ஓட்டை வழியாப் பாத்தா கிட்டவும் தூரமும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும். பேட்டரி இல்ல, அதனால பச்சை பூக்க ஒண்ணும் இல்ல. சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்சா மட்டும் இருட்டடிக்கும்.

இன்னொண்ணு. ரெட் டாட் பெட்டியில "பேரலாக்ஸ் இல்லை"ன்னு, அதாவது கண்ணு நகர்ந்தாலும் குறி நகராதுன்னு போட்டிருப்பாங்க. 20 மீட்டர்ல அது சரியா வராது. கண்ணு அரை சென்டிமீட்டர் விலகுனா குறியும் அவ்வளவு வரைக்கும் விலகலாம். கன்னத்தை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல வச்சு, புள்ளியை வட்டத்துக்கு நடுவுல நிறுத்திட்டு சுடுங்க.

தொண்டி கண்ணாடிக்கடை:

தம்பி, இவங்க எல்லாரும் துப்பாக்கியைப் பாக்குறாங்க. நான் முப்பது வருஷம் மூக்குக்கண்ணாடி வித்தவன், நான் உங்க கண்ணைப் பாக்குறேன். அந்த நெருஞ்சி முள்ளு சைட்ல இல்லாம உங்க கண்ணுல இருக்கலாம். சோதிக்க ஒரு காசும் வேண்டாம். சைட்டை எரியவிட்டு அதுக்குள்ள தெரியுற புள்ளியைப் போன்ல ஒரு படம் எடுங்க. படத்துல உருண்டையா இருந்தா சைட் நல்லாத்தான் இருக்கு. சைட்டைக் கையில வச்சு மெதுவாச் சுத்தியும் பாருங்க. முள்ளும் கூடவே சுத்துனா சைட் கோளாறு, முள்ளு நின்ன இடத்துலயே நின்னா கண்ணுல உருளைப் பிசகு (அஸ்டிக்மாடிசம், கண்ணோட வளைவு ஒரே சீரா இல்லாத குறை). அதுக்குக் கண்ணாடி எழுதி வாங்கணும். அது வரைக்கும் வெளிச்சத்தைக் குறைச்சு வைங்க, முள்ளு சுருங்கும்.

சுடும்போது எந்தக் கண்ணாடி போடுறீங்க?

மண்டபம் மெக்கானிக்:

ஐயா, பேப்பர் படிக்கிற கண்ணாடிதான். 1.75.

தொண்டி கண்ணாடிக்கடை:

அதைக் கழட்டுங்க முதல்ல! ரெட் டாட்டோட வசதியே அந்தப் புள்ளி தூரத்துல இருக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியுறதுதான். மூடியையும் புள்ளியையும் ஒரே பார்வையில பாக்கலாம். நீங்க கிட்டப் பார்வைக்கான கண்ணாடியைப் போட்டு ரெண்டையும் சேர்த்து மங்கடிச்சிருக்கீங்க.

மண்டபம் மெக்கானிக்:

பத்து நாள் கழிச்சு வாறேன், திட்டாதீக.

அந்தச் செத்த சைட்டுக்கே தகட்டை எலுமிச்சம்பழம் தேய்ச்சு, நல்ல தண்ணில கழுவி, உலரவிட்டுப் புது சிஆர்2032 போட்டேன். எரிஞ்சுச்சு. போன்ல படம் எடுத்தா அழகா உருண்டைப் புள்ளி! பாவம், அதை ஒரு வருஷமா வஞ்சிருக்கேன். ராம்நாட்டுல கண்ணு காட்டி, தூரப் பார்வைக்குக் கண்ணாடி வாங்கியாச்சு. முள்ளு பாதியா இறங்கிருச்சு.

ஆனாலும் திறந்த ரகம் வேண்டாம்னு காக்கா சொன்னபடி குழாய் ரகமா 2 எம்ஓஏ ஒண்ணு 3,300க்கு, 11 மில்லி மவுண்ட் 650க்கு. அம்பது ரூவா மிச்சம், அதுக்கு டீ குடிச்சாச்சு. பீப் சைட் சொன்ன தங்கச்சி கோவிச்சுக்க வேண்டாம், நான் பெரும்பாலும் அந்தி நேரத்துலதான் சுடுறது.

20 மீட்டர்ல காகிதம் ஒட்டித்தான் குறி சேத்தேன். என் சைட்ல குறி திருத்துற திருகு ஒரு கிளிக்குக்கு 1 எம்ஓஏ நகத்தும், அதாவது 6 மில்லி. மொத ரவை இடது பக்கம் 5 சென்டி தள்ளிப் போச்சு, எட்டு கிளிக்குல நடுவுக்கு வந்துருச்சு. ஒண்ணு கவனிச்சேன்: அஞ்சு மீட்டர்ல வச்ச டப்பாவைச் சுட்டா ஒரு விரக்கடைக்கும் கூடுதலாக் கீழ விழுது. சைட் குழலை விட உசரத்துல உக்காந்திருக்கிறதால வர்றதுதானே? கிட்டக்க சுடும்போது புள்ளியை ஏத்தி வச்சுப் பழகிக்கிட்டேன்.

சுட்டு முடிச்சதும் பேட்டரியைக் கழட்டிருவேன். சைட்டை சிலிக்கா ஜெல் பொட்டணத்தோட மூடி இறுக்கமான டப்பாவுல வைக்கிறேன், மவுண்ட் ரைஃபிள்லயே இருக்கட்டும்னு விட்டாச்சு. கண்ணாடியில உப்புப் படிஞ்சா கைலி முனையால தேய்க்கிற பழக்கத்தை விட்டுட்டேன், நல்ல தண்ணி ரெண்டு சொட்டு விட்டுக் கரைச்சுட்டுத்தான் துடைக்கிறது.

மவுண்ட் நகருதான்னு பாக்க ரெயில்லயும் மவுண்ட்லயும் சேத்து மக நெயில் பாலிஷால ஒரு கோடு இழுத்து வச்சேன். இருநூறு ரவைக்கு மேல சுட்டாச்சு, கோடு இன்னும் ஒரே நேரா நிக்குது. நெயில் பாலிஷைத்தான் இன்னும் திருப்பிக் குடுக்கல, தேடிக்கிட்டு இருக்கா.