36 ஜிபி சுவடிப் படங்களை எப்படி அனுப்புவது?

நண்பர்களே, 180 ஓலைகளை இரு பக்கமும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். 360 டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் வடிவம்) படங்கள், ஒவ்வொன்றும் சுமார் 100 எம்பி. யாழ்ப்பாணத்திலுள்ள ஆய்வுத் தோழிக்கும் இங்கே என் முதுகலை மாணவர்களுக்கும் இவை போய்ச்சேர வேண்டும்.

ஜிமெயில் 25 எம்பியிலேயே கையை விரித்துவிடும். கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபி பாதிக்குக்கூட வராது. ஜேபெக்காகச் சுருக்கினால் வகுப்புக்குப் போதும்; ஆனால் பாடபேதம் (சுவடிக்குச் சுவடி சொற்கள் மாறுவது) பார்ப்பவர் சுழியா கீறலா என்று பெரிதாக்கிப் பார்த்தாக வேண்டுமே! சரி, பென் டிரைவில் தரலாம் என்று ஒரே ஜிப்பாகக் கட்டினேன். அந்த பென் டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருந்தது, 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது என்பது அப்புறம்தான் உறைத்தது.

செர்ன் ஆய்வுக்கூடம் நடத்தும் ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத் தளத்தில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்புகள் வரை இலவசம். ஆனால் சுவடிக்காரர் பொதுவெளியில் போட இன்னும் சம்மதிக்கவில்லை. அங்கே கோப்புகளைப் பூட்டிவைத்துச் சிலருக்கு மட்டும் திறந்துவிட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

இன்னொன்று: கல்லூரி வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது. ஆர்க்ளோன் என்று, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இணையச் சேமிப்பகத்துக்குக் கோப்புகளை ஏற்றும் ஒரு மென்பொருள் இருக்கிறதாம்; அது என்றால் ஏறிய படங்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஏற்றுமாமே? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். கட்டளை வரி எனக்குப் புதிது, கொஞ்சம் மெதுவாக.