மறுமொழி: 'மண்டல வேலையின்மை ஏற்றத்தாழ்வு' பொருந்துமா?

பாம்பனிலிருந்து அனைவருக்கும் வணக்கம். வேலையின்மை இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் குறிக்க நம் அகராதிக்கு ஒரு சொல் தேடுகிறோம். குழுவில் ஐயா ஒருவர் எழுதியது:

> 'மண்டல வேலையின்மை ஏற்றத்தாழ்வு' என்றே அகராதியில் சேர்த்துவிடலாம்.

ஐயா, இதில் 'வேலையின்மை' மட்டுமே எனக்கு உடன்பாடு.

2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடையே வேலையின்மை கேரளத்தில் 7.2 விழுக்காடு, தமிழ்நாட்டில் 3.5, மத்தியப் பிரதேசத்தில் 1.0. இதில் யார் ஏற்றம், யார் தாழ்வு? படிப்புக்கேற்ற வேலை வரட்டும் என்று காத்திருக்க வீட்டில் சோறு இருக்க வேண்டும். இல்லாதவர் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். கணக்கில் அவர் வேலையுள்ளவர். சொல்லே தீர்ப்பு எழுதுவானேன்? 'வேறுபாடு' போதும்.

அடுத்து, மண்டலம். அது பல மாவட்டங்களை விழுங்கிய பரப்பு. எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்ளேயே கரை வேறு, உள்நாடு வேறு. முதுகுளத்தூர்ப் பக்கம் மழைக்குக் காத்திருக்கிறார்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. மற்ற மாதங்களிலும் அவற்றுக்கு வாரம் 3 நாள்தான், மீதி நாட்டுப்படகுக்கு. வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலையுள்ளவர் என்னும் வாரக் கணக்கில் இந்த 3 நாளும் முழு வாரமும் ஒன்றுதான். (தடைக்காலத்தில் எங்கள் தெரு அண்ணன் "தொழிலுக்குப் போகவில்லை" என்பாரே தவிர, வேலையில்லை என்று ஒருநாளும் சொல்லமாட்டார்.)

என் முன்மொழிவு: இடவாரி வேலையின்மை வேறுபாடு. வேண்டுமானால் மாநிலவாரி, மாவட்டவாரி, ஊர்வாரி என்று மாற்றிக்கொள்ளலாம். 'வாரி' உருது வழி வந்தது என்று யாரேனும் கிளம்புவீர்கள். 'வகுப்புவாரி' என்று எழுதத் தொடங்கி நூறாண்டாகிறது, விட்டுவிடுங்கள்.

நூற்றுக்கு எத்தனை பேர் என்னும் அளவுக்கு (rate) 'விகிதம்' வேண்டாம், 'வீதம்'. இலங்கையில் 'வேலையின்மை வீதம்' என்றே எழுதுகிறார்கள். பாக் நீரிணையைத் தாண்டி அதையாவது தடையின்றிக் கொண்டுவரலாம்.

---

தொண்டியிலிருந்து இன்னொருவர்:

வேறுபாடு, வீதம் இரண்டும் சரி. 'இடவாரி' என்றதும் என் மகள் "இடஒதுக்கீடா அப்பா?" என்றாள். பொதுச்சொல்லாக இருக்கட்டும், அட்டவணைத் தலைப்பில் மாவட்டவாரி என்றே எழுதுவோம். 61 நாளைப் 'பருவகால வேலையின்மை'யில் அடைக்காதீர்கள். அது பருவம் செய்வதில்லை, ஆணை செய்வது. 'தடைக்கால வேலையின்மை' என்று தனிப்பதிவு வேண்டும்.