ஏற்காடு ஏழு, ஆத்தூரும் ஏழு

கொலுசுக் கணக்கர், செவ்வாய்ப்பேட்டை:

கொலுசுப் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் வாடிக்கையாளர் பட்டியலைப் புது பில்லிங் மென்பொருளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பெயரும் போன் நம்பரும் ஆங்கிலத்தில், ஊர் மட்டும் தமிழில். சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து எக்செல்லில் டபுள் கிளிக் செய்தேன். ஊர் இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', திரும்பத் திரும்ப அதே ஜோடி.

அப்போது எதுவும் கெட்டுப்போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் (எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) 3 பைட். 'ச' என்றால் 224, 174, 154. கோப்பின் தொடக்கத்தில் 'இது யுடிஎஃப்-8' என்று சொல்லும் அடையாளம் இல்லாததால், எக்செல் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி மேற்கத்திய எழுத்தாகப் படித்துவிட்டது. 224-க்கு அந்தச் சாய்கோட்டு 'ஏ', 174-க்கு வட்ட 'ஆர்'. டேட்டா பக்கம் போய் 65001 (யுடிஎஃப்-8-க்கு அங்கே உள்ள எண்) என்பதைத் தேர்ந்தெடுத்து இறக்கியிருந்தால் தமிழ் அப்படியே வந்திருக்கும்.

நான் சும்மா இருந்தேனா? நோட்பேடில் திறந்தேன், தமிழ் அழகாகத் தெரிந்தது. 'ஆன்சி' என்ற பழைய மேற்கத்திய எழுத்து முறையில் சேமித்தால் எக்செல் ஏற்கும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். எழுத்துகள் போய்விடும் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ஓகே அமுக்கினேன். பழைய மென்பொருளை அன்று காலையிலேயே நீக்கியாயிற்று.

எல்லாம் கேள்விக்குறி. ஆன்சியில் தமிழுக்கு இடமே இல்லை, அதனால் ஒரு குறிக்கு ஒரு கேள்விக்குறி. சரி, எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். சேலம் நம் கண்ணுக்கு 3 எழுத்து, கணினிக்கு 5: ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி. ஓமலூர் 6. நாமக்கல் 8. பரவாயில்லையே என்று நினைக்கும்போது ஏற்காடு 7, ஆத்தூரும் 7! ஏழு வந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "அண்ணே, நீங்க ஏற்காடா, ஆத்தூரா?" என்று கேட்டேன். ஒருவர், "ஏன் தம்பி, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறீங்களா?" என்றார்.

ஏற்காட்டு அக்கா:

எனக்குக் காசு போனது. விருந்தினர் இல்லம் நடத்துகிறேன், வருகிறவர்களுக்கு வழி சொல்லி எஸ்எம்எஸ் அனுப்புவேன். ஆங்கிலச் செய்தியின் முடிவில் 'வணக்கம்' என்று ஒரே ஒரு தமிழ்ச் சொல் சேர்த்தேன், கட்டணம் மூன்று மடங்கானது. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான் இடம். ஒரு பைட் என்பது 8 பிட்; ஆங்கிலம் எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் குறிக்கு 2 பைட்டாக மாறி, 70 குறிதான். என் செய்தி மூன்றாகப் பிரிந்து போயிருக்கிறது. இப்போது நேரில் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

பழைய டிடிபிக்காரர், நான்கு ரோடு:

நீங்களெல்லாம் பாமினி எழுத்துரு காலத்தைப் பார்க்கவில்லை. பேஜ்மேக்கரில் பத்திரிகை அடித்து அச்சகத்துக்கு ஃப்ளாப்பியில் அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இருக்காது. 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று திரையில் நிற்கும். கோப்புக்குள் இருந்ததே அந்த ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான், 109, 107, 59, 107, 104. எழுத்துருதான் அதற்குத் தமிழ் வேஷம் கட்டிவிட்டது. கொம்பை முதலில் அடித்து, அப்புறம்தான் 'ச' அடிக்க வேண்டும். யூனிகோடில் 'ச' முன்னால், கொம்பு பின்னால். இந்தக் கை அதற்குப் பழகவே ஒரு வருஷம் ஆயிற்று. ஒன்று மட்டும் சொல்வேன், பாமினியில் சேலம் 5 பைட், உங்கள் யூனிகோடில் 15.

கொலுசுக் கணக்கர்:

ஐயா, ஆனால் உங்கள் 5 பைட் அச்சகத்துக்குப் போனதும் ஆங்கிலமாகிவிடுகிறதே! அது கிடக்கட்டும். ஏழு கேள்விக்குறிக்காரர்களில் இரண்டு பேர் இன்னும் போன் எடுக்கவில்லை. அவர்கள் பார்சல் என் மேஜைக்கடியில்தான் இருக்கிறது.