மண்டி வேலைக்கு நடுவே கணினிப் படிப்பு: நான் தேர்ந்தெடுத்த விதம்

செவ்வாய்ப்பேட்டை, மண்டிக் கணக்கர்:

சேலம் லீ பஜாரில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்குச் சிட்டையைத் திறந்தால் மூடுவதற்கு இரவு எட்டரை ஆகிவிடும். தீபாவளி நெருங்கும் மூன்று வாரங்களில் பத்தரைக்கு முன் வீடு திரும்பியதே இல்லை. வயது 38. வேலையை விட்டுவிட்டுப் படிக்க முடியாத என்னைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஏமாந்த கதை. ஒரு பயிற்சி நிறுவனத்தில் இருபத்திரண்டாயிரம் ரூபாய் கட்டினேன். நிரல் எழுதும் பைத்தான் மொழி, தரவுகளைத் தேடி எடுக்கும் எஸ்.க்யூ.எல்., அவற்றை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ, செயற்கை நுண்ணறிவு என்று பாடத்திட்டம் நான்கு பக்கம் நீண்டது. அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். நேரடி வகுப்பு இரவு ஏழு மணிக்கு. எங்கள் மண்டியில் ஆத்தூர், ராசிபுரம் வண்டிகளுக்கு லோடு ஏற்றுவதும் அதே ஏழு மணிக்குத்தான். புளி மூட்டை எத்தனை, மிளகாய் எத்தனை என்று எண்ணிக்கொண்டே பாடம் கேட்க யாரால் முடியும்? பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பார்க்காத பதிவுகள் சேர்ந்துகொண்டே போயின. ஐந்தாவது வாரம் நிறுத்திவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஏழு நாட்களுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று விதியைக் காட்டினார்கள். கட்டுவதற்கு முன் பணம் திருப்பும் விதி உள்ள அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள், தயவுசெய்து.

அடுத்த முறை எந்தப் படிப்பையும் தேடவில்லை. ஒரு வாரம் முழுக்க, எனக்கென்று கிடைக்கும் நேரத்தைச் சிட்டைத் தாளின் பின்பக்கம் எழுதி வந்தேன். காலை ஐந்தரை முதல் ஆறரை வரை, வாரத்தில் நான்கு நாள். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம். பஸ்ஸில் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் பாடம் கேட்கலாம், கணினியைத் தொட முடியாது. ஆக, ஆறு மணி நேரம். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிப்புகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

என்.பி.டெல். என்ற இணையவழிப் படிப்புகள் அப்படித்தான் கண்ணில் பட்டன. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்துவது. சேர்ந்து படிக்கக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குத் தனியாகப் பதிந்து பணம் கட்ட வேண்டும். அதனால் சில வாரம் படித்துப் பார்த்து, நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்த பிறகு கட்டலாம். நான் எடுத்தது ரோபர் ஐ.ஐ.டி.யின் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்', 12 வாரம். என்னைச் சேர வைத்தது அதன் மதிப்பெண் விதிதான். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு பயிற்சிகளில் நன்றாகச் செய்த எட்டை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் நான்கு வாரம் கைவிட்டுப் போனாலும் படிப்பு போகாது! தீபாவளிக்கு மூன்று வாரம் போனது. நான்காவதைக் குழந்தையின் காய்ச்சல் எடுத்துக்கொண்டது. மற்ற வாரங்களில் புதன்கிழமை இரவு 11.59 கெடு. செவ்வாய் விடியற்காலையிலேயே அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன், ஏனென்றால் புதன் இரவு என்னுடையது இல்லை.

இப்போது அதன் பயன். மாதக் கடைசியில் கடைக்காரர்களின் பாக்கிப் பட்டியலைப் பேரேட்டிலிருந்து எடுக்க இரண்டு நாள் ஆகும். பில் போடும் மென்பொருளிலிருந்து கோப்பை இறக்கி, பைத்தானில் முப்பது வரி எழுதினேன். யார் 30 நாள் பாக்கி, யார் 60 நாள் என்று பிரித்துக் கொடுத்தது. முதல் பட்டியலில் ஒரு கடை ஒரு மாதம் கூடுதலாக நின்றது. பில்லை எடுத்துப் பார்த்தால் தேதி 03/04. நமக்கு அது ஏப்ரல் 3. பைத்தானில் பட்டியல்களைக் கையாள நான் பயன்படுத்திய பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பு அதை அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று படித்திருக்கிறது. நாள்தான் முதலில் வரும் என்று ஒரு சொல் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அந்தக் கடைக்காரருக்குத் தொலைபேசியில் பேசுவதற்கு முன் பில்லைப் பார்த்தேனே என்று இன்றும் நிம்மதியாக இருக்கிறது. இருபது வருட வாடிக்கை அது.

ஏற்காடு, தோட்ட அலுவலக எழுத்தர்:

அண்ணா, நேரத்தை முதலில் எழுதிப் பார்க்கச் சொன்னது முற்றிலும் சரி. நான் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் இருக்கிறேன். எனக்கு வாரத்தைவிட வருடத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பு, அது முடிந்ததும் மிளகு. அந்த மாதங்களில் எதிலும் சேருவதில்லை. மழைக்காலத்தில் மேகம் இறங்கினால் இணையமும் மின்சாரமும் சேர்ந்து போகும். நேரடி வகுப்பெல்லாம் இங்கே நடக்காது.

எனக்குக் கைகொடுத்தது மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற காணொளிப் பாடங்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிட அளவுதான், தமிழ்க் குரலிலும் இருக்கின்றன, செலவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டுக்கு வரும்போது அந்த வாரத்துக்கு வேண்டியதை இறக்கிக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறித் திரும்புவேன். திரையில் ஒரு பாதியில் பாடம், மறு பாதியில் கணக்கு அட்டவணை போடும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் மென்பொருள். அவர்கள் ஒன்று செய்ததும் நிறுத்திவிட்டு நானும் செய்வேன்.

பாடத்தில் வரும் உதாரணத்தை விட்டுவிட்டு எங்கள் எடைப் பதிவேட்டை வைத்தே பழகினேன். மாலையில் தராசில் ஒவ்வொருவர் பழத்தையும் நிறுத்து எழுதுவோம். வாரக் கூலியைக் கையால் கூட்டும்போது ஈரத்தில் கலங்கிய ஒரு 7, 1 ஆகத் தெரிந்தால் ஆறு கிலோ போய்விடும். அது ஒரு பெண்ணின் உழைப்பு. இப்போது அன்றன்றே கணினியில் ஏற்றி, அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

சூரமங்கலம், செவிலியர்:

எனக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் வாராந்தரக் கெடுவே ஆகாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் கணினி அறிமுகப் படிப்பான சிஎஸ்50 எக்ஸ் படிக்கிறேன். கட்டணமின்றிப் படிக்கலாம், டிசம்பர் 31 வரை எப்போது வேண்டுமானாலும் பயிற்சிகளை அனுப்பலாம். ஆங்கிலத்தில்தான், வேகமாகப் பேசுகிறார்கள். எழுத்து வடிவத்தை வைத்துக்கொண்டு கேட்கிறேன். முதல் வாரம், கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் செய்யும் ஸ்கிராட்ச் விளையாட்டாக இருந்தது. அடுத்து வரி வரியாக எழுத வேண்டிய சி என்ற நிரல் மொழி வந்ததும் மூன்று இரவுப் பணி வாரங்கள் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணா, நீங்கள் தேர்வு எழுதினீர்களா?

செவ்வாய்ப்பேட்டை, மண்டிக் கணக்கர்:

எழுதினேன் அம்மா. பயிற்சியில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 எடுத்தால் தேர்ச்சி. கொஞ்சம் கூடவே எடுத்தேன். சேலத்திலேயே மையம் கிடைத்தது. ஒருநாள் விடுப்புக் கேட்டதற்கு முதலாளி காரணம் கேட்டார். பாக்கிப் பட்டியலைக் காட்டினேன். சி மொழியில் நின்றதற்குக் கவலைப்படாதீர்கள், உங்கள் கெடு டிசம்பர் வரை இருக்கிறது. எந்தப் பயிற்சியில் நின்றீர்கள் என்று இங்கே எழுதுங்கள், ஞாயிறு மதியம் நானும் போட்டுப் பார்க்கிறேன்.