ஓநாய்க் காசு: ஆர்லா, கான்ஸ்டான்டினோபிளா?

காசுப்பெட்டி:
ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ரோமானிய 'உர்ப்ஸ் ரோமா' காசையெல்லாம் தென் பிரான்ஸில் இருந்த ஆர்ல் அக்கசாலையின் தலையில் கட்டுகிறார்களே, எரிச்சலாக வருகிறது. படத்தைப் பாருங்கள்: ஓநாய்க்கு அடியில் பளிச்சென்று 'கான்ஸ்ட்'. கான்ஸ்டான்டினோபிள்தான். 330-இல் புதுத் தலைநகர் திறந்தபோது அடித்தது.

ஆறாம்_எழுத்து:
கடைசியில் 'டி' (T) இருந்தால் ஆர்ல். அந்த ஊருக்குக் கான்ஸ்டான்டினா என்று பெயர் மாற்றிய பிறகு அக்கசாலை முத்திரை 'பிகான்ஸ்ட்' (PCONST), 'எஸ்கான்ஸ்ட்' (SCONST). அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை என்று காட்டும் எழுத்து முன்னால் வரும். கான்ஸ்டான்டினோபிளில் 'கான்ஸ்' முடிந்து பின்னால் ஆல்பா, பீட்டா, காமா. உங்கள் காசில் இடது விளிம்பு வெட்டுப்பட்டு முன்னெழுத்து போய்விட்டது.

காசுப்பெட்டி:
இல்லாத எழுத்தைப் படிக்கும் வித்தை உங்களுக்கே உரியது. கடைசியில் இருப்பது 'டி' இல்லை, காமா (Γ).

ஆறாம்_எழுத்து:
முதலில் 'கான்ஸ்ட்', இப்போது காமாவா? காமாவின் மேல்கோடு வலப்பக்கம் மட்டும்தான் நீளும். இதில் தண்டுக்கு இருபுறமும் நீள்கிறது. பத்து மடங்கு லென்ஸில், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பாருங்கள். ஓநாய்க்கு மேலே நட்சத்திரங்களுக்கு நடுவே மாலையும் இருக்கிறது. அதுவும் ஆர்ல் காசுகளில் வருவதுதான்.

அமராவதி_மணல்:
எடை என்ன? 2.5 கிராம் பக்கம் என்றால் 336-க்கு முந்தியது, 1.6 பக்கம் என்றால் பிந்தியது. பல வருடம் அடித்த காசுக்கு 330 என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

ஆறாம்_எழுத்து:
எடை காலத்தைச் சொல்லும், அக்கசாலையைச் சொல்லாது. 'டி'க்கு வாருங்கள்.

பச்சைப்படலம்:
எழுத்து இருக்கட்டும், இந்த மினுமினுப்பு எப்படி வந்தது? புளியா, எலுமிச்சையா?

காசுப்பெட்டி:
வினிகர். பத்தே நிமிடம். எல்லாரும் செய்வதுதான்.

பச்சைப்படலம்:
அடப்பாவி! எழுத்தின் விளிம்பே அந்தப் பச்சைப் படலத்தில்தான் நிற்கும். அமிலம் அதைத் தின்றால் 'டி' காமாவாகும், காமா வெறும் தண்டாகும். வாலைநீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, மூங்கில் குச்சியால் நெருடுவதற்குப் பொறுமை வேண்டும்.

காசுப்பெட்டி:
பார்த்தீர்களா, காமாவாகலாம் என்று இவரே சொல்கிறார்.

பச்சைப்படலம்:
நான் சொன்னது அதுவா?

அமராவதி_மணல்:
கரூர் ஆற்றுமணலில் கிடைக்கும் ரோமானியக் காசுகளில் முத்திரையே தேய்ந்திருக்கும். அங்கே இந்தச் சண்டைக்கு வேலையில்லை.

ஆறாம்_எழுத்து:
இது கரூர் காசு இல்லை. போன மாதம் பேரரசர் கான்ஸ்டான்ஸின் காசை அவர் அண்ணன் கான்ஸ்டான்டியஸுடையது என்று சாதித்தவரும் இதே காசுப்பெட்டிதான். பக்கவெளிச்சத்தில் எடுத்த படம் எங்கே?

காசுப்பெட்டி:
பழைய கதையைக் கிளறாதீர்கள். காமா.

ஆறாம்_எழுத்து:
படம்?