உரைமருந்தில் வசம்பு: பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

காரைக்குடி அப்பத்தா:
என் பேத்தி பிறந்து எழுபது நாள் ஆகிறது. தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் உரைமருந்து கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வசம்பை விளக்கெண்ணெய்த் தீபத்தில் சுட்டுக் கரியாக்கி, அதனுடன் கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு ஒவ்வொன்றையும் கல்லில் இரண்டு இழைப்பு இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவோம். குழந்தை மருத்துவர் கூடாது என்று சொல்லிவிட்டதாக மருமகள் மறுக்கிறாள். என் நான்கு பிள்ளைகளும் இதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர் பெற்ற மருந்தில் கேடு எங்கிருந்து வருகிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

தேவகோட்டை மருந்தாளுநர்:
ஆச்சி, வசம்பின் மணத்துக்குக் காரணமான எண்ணெயிலேயே கேடும் இருக்கிறது. அந்த எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள்தான் நம் வீடுகளில் பெட்டகத்துத் துணிகளையும் ஏட்டுச் சுவடிகளையும் பூச்சி அரிக்காமல் காக்கிறது. ஜம்மு வகை வசம்பு எண்ணெயை நெடுநாள் உணவில் கலந்து கொடுத்த எலிகளுக்குச் சிறுகுடலின் முற்பகுதியில் புற்றுக்கட்டிகள் வந்தன. அதனால் அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு முதல் வசம்பையோ அதன் எண்ணெயையோ உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. நான் அந்தத் தடையைவிட நம் பிள்ளைகளின் எடையையே பெரிதாக நினைக்கிறேன். ஐந்து கிலோ கூட நிறையாத உடலில், இன்னும் முதிராத கல்லீரலுக்கு இரண்டு இழைப்பு என்பது எவ்வளவு என்று நம்மில் யாரும் அளந்ததில்லை. கல் சொரசொரப்பாக இருந்தால் ஒரே இழைப்பில் இரண்டு மடங்கு இறங்கிவிடும்.

கோட்டையூர் சித்த மருத்துவ மாணவர்:
அக்கா சொல்லும் எலி ஆய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கொடுத்தது வடித்தெடுத்த எண்ணெய், அதுவும் நாள்தோறும். நம் ஆச்சி கொடுப்பதோ சுட்ட கரி, அதுவும் வாரத்துக்கு ஒருமுறை. அசரோன் ஆவியாகும் எண்ணெய்ப் பொருள் என்பதால், வசம்பைச் சுடும்போது அதில் ஒரு பகுதி போய்விடும். சித்த மருத்துவத்தில் சுத்தி, அதாவது நச்சு நீக்கும் பக்குவம், செய்யாத வசம்பை உள்ளுக்குக் கொடுப்பதில்லை என்ற விதி ஏற்பட்டது அந்த நச்சை முன்னோர் அறிந்திருந்ததால்தான். மேலும் எல்லா வசம்பும் ஒன்றல்ல. வட அமெரிக்காவில் வளரும் வகையில் அசரோன் அனேகமாக இல்லை. ஐரோப்பிய வகையில் சிறிதளவே உண்டு. மரபை முழுவதுமாகக் குற்றக் கூண்டில் ஏற்றுவது சரியன்று.

தேவகோட்டை மருந்தாளுநர்:
தம்பி, நீங்கள் சொன்ன வகை வேறுபாடே என் அச்சத்தை வலுப்படுத்துகிறது. அசரோன் மிகுந்திருப்பது ஆசியாவில் வளரும் நான்மடிக் குரோமோசோம் (செல்லில் நான்கு தொகுதி குரோமோசோம் உள்ள) வகையில்தான். அதன் எண்ணெயில் பெரும்பகுதி அதுவாகவே இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் நிறுத்துக் கொடுக்கும் கிழங்கைப் பார்த்து எந்த வகை என்று உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாது. சுட்டால் குறையும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். வெளிப்புறம் கருகி நடுவில் வெந்தும் வேகாமலும் இருக்கும் துண்டில் எவ்வளவு மிஞ்சும்? பச்சைக் குழந்தைகளுக்கு வசம்பைக் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்த முறையான ஆய்வு ஒன்றைக் காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

கோட்டையூர் சித்த மருத்துவ மாணவர்:
அப்படியோர் ஆய்வை இப்போது என்னால் காட்ட முடியவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த அனுபவத்தைச் சான்றே இல்லை என்று ஒதுக்குவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. மருந்து கொடுத்த பிறகு அழுகை நின்று தூங்கிய பிள்ளைகளை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

தேவகோட்டை மருந்தாளுநர்:
நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வயிற்று வலியால் வரும் அழுகை பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தானாகவே தணிந்துவிடும். உரைமருந்தை நாம் கொடுக்கும் காலமும் அதுவேயாதலால், தானாக நின்ற அழுகைக்கு மருந்து பெயர் வாங்கிக்கொள்கிறது. குழந்தை உடனே தூங்கியதை மட்டும் வைத்து நன்மை என்று கொள்ளவும் கூடாது; ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கமும் தரும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலும், தேவைப்பட்டால் மருத்துவர் எழுதித் தரும் மருந்தும் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சில வீடுகளில் இம்மருந்தைத் தேனில் குழைக்கிறார்கள். ஒரு வயது நிறையும்வரை தேன் அறவே கூடாது.

காரைக்குடி அப்பத்தா:
இருவர் சொன்னதையும் இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் நன்றாக வளர்ந்ததற்கு இழைத்த மருந்துதான் காரணம் என்று நாற்பது ஆண்டு நம்பியவளுக்கு, அது இல்லாமலும் அப்படியே வளர்ந்திருப்பார்கள் என்பதை ஏற்பது எளிதன்று. ஆனாலும் அளவு தெரியாத ஒன்றைப் பேத்தியின் நாக்கில் தடவ இனி என் கை வராது. கையில் கட்டும் வசம்பு வளையலையாவது போடலாமா?

கோட்டையூர் சித்த மருத்துவ மாணவர்:
உள்ளுக்குப் போகாதவரை அதில் தவறில்லை என்பது என் கருத்து, ஆச்சி.

தேவகோட்டை மருந்தாளுநர்:
இன்னும் சில வாரங்களில் கைக்கு எட்டியதையெல்லாம் பேத்தி வாயில் வைப்பாள், ஆச்சி. வளையலைச் சப்பினால் சுடாத வசம்பே உள்ளே போகும். மணி கழன்றால் தொண்டையில் சிக்கும். கட்டியே ஆக வேண்டுமென்றால் தொட்டிலின் வெளிப்புறத்தில், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.