உதவி தேவை: கிறிஸ்துமஸ் முடிந்து கொடைக்கானல், ஓம்னியில் ஆறு பேர், மலையில் ஓட்டிப் பழக்கமில்லை

தங்கச்சிமடம் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானல் போய்ப் பழகியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். திங்கள், புதன், சனி கடல். அதனால் சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு என்பது எங்கள் வீட்டில் கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் சும்மா இருப்பார், ஆனால் அப்போது கையில் காசு இருக்காது. இந்தத் தடவை கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை வருகிறது. பண்டிகைக்காக சனிக்கிழமை போவதில்லை என்று அவர்கள் படகில் பேசி முடித்துவிட்டார்கள். திங்கள் காலை கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்க அவர் இங்கே நின்றாக வேண்டும். ஆக ஞாயிறு ராத்திரிக்குள் வீடு வந்து சேர வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இப்படி நாலு நாள் சேர்ந்து வாய்த்ததே இல்லை.

நாங்கள் இரண்டு பேர், மாமியார், கொழுந்தன், மகள் ஏழு வயது, மகன் நாலு வயது. மாமியாருக்கு வீசிங் உண்டு. மகன் ராமநாதபுரம் பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பான். வண்டி கொழுந்தனுடைய ஓம்னி, 2013 மாடல். மதுரைக்கு நூறு தடவை ஓட்டியிருப்பார், மலையில் ஓட்டியதில்லை.

வேர்க்காட்டில் நள்ளிரவுப் பூசை முடித்து இரண்டு மணிக்குக் கிளம்பினால் காலை ஒன்பது, பத்துக்குள் மேலே போய்விடலாம் என்று நினைத்திருக்கிறோம். மூன்று ராத்திரியும் அங்கேதான்.

சிக்கல் என்னவென்றால், மலைக்கு வண்டியில் போக வாங்க வேண்டிய ஆன்லைன் அனுமதியான இ-பாஸ் போட உட்கார்ந்தால் தங்கும் இடம் கேட்கிறது. ரூம் இன்னும் முடிவாகவில்லை. பேசி வைத்த ஒருவர் மூன்று ராத்திரிக்கும் முழுப் பணத்தையும் இப்போதே அனுப்பச் சொல்கிறார். போன தடைக்காலத்தில் மூணாறுக்கு என்று கடன் வாங்கி ஒருவருக்கு ஃபோனில் பணம் அனுப்பினோம், அப்புறம் அந்த நம்பரை யாரும் எடுக்கவே இல்லை. பிள்ளைகள் பை கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது. எதை முதலில் செய்ய, எதை விட?

வத்தலக்குண்டு வண்டிக்காரர்:

தங்கச்சி, பதினெட்டு வருஷமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறேன். முதலில் அந்த ராத்திரிப் பயணத்தை விட்டுவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து மதுரை வழியாகக் கொடைக்கானல் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். பூசைக்கு நின்றுவிட்டு, தூங்காத கண்ணோடு பரமக்குடி, மானாமதுரை, மதுரை எல்லாம் கடந்து வருகிறவர், மிகவும் கஷ்டமான கடைசி ஐம்பது சொச்சம் கிலோமீட்டரை அசதி உச்சத்தில் இருக்கும்போது ஓட்டுவார். மலைக்குப் புதியவர் வேறு. டம்டம் பாறை தாண்டினால் மார்கழியில் எந்த நேரத்திலும் மேகம் ரோட்டில் இறங்கும், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை பண்டிகைச் சாப்பாட்டை வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். தம்பி இரண்டு மணி நேரம் தூங்கட்டும். மதியம் கிளம்பி இருட்டியதும் வத்தலக்குண்டில் படுத்துவிடுங்கள். கீழே அறை வாடகை மேலே கேட்பதில் பாதிகூட வராது. வெள்ளி விடிந்ததும் ஏறுங்கள். பெருமாள்மலை தாண்டி வெள்ளி அருவிச் சுங்கச்சாவடி வரும், அங்கேதான் இ-பாஸ் பார்ப்பார்கள். பண்டிகை வாரத்தில் ஒன்பது மணிக்கு மேல் அங்கே வண்டி நிற்க ஆரம்பித்தால் ஊருக்குள் போய்ச் சேர மதியமாகிவிடும்.

இ-பாஸ் 2024 மே 7 முதல் இருக்கிறது, உயர் நீதிமன்ற உத்தரவு. பயப்பட ஒன்றுமில்லை. வண்டி நம்பர், எத்தனை பேர், வரும் நாள், போகும் நாள், தங்குமிடம் கேட்கும். ரூம் முடிவானதும் போடுங்கள். டிஎன் 65-க்குப் பக்கத்து எழுத்துகளை ஆர்சி புத்தகத்தைப் பார்த்தே அடியுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். பாஸை ஃபோனில் படமாகச் சேமித்து வையுங்கள், மேலே சிக்னல் சில இடத்தில் கிடைக்காது.

தண்ணீர் பாட்டில் கட்டு வாங்கி ஏற்றாதீர்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே தடை, பிடித்தால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டு எவர்சில்வர் தூக்கிலும் ஃபிளாஸ்கிலும் கொண்டுபோங்கள்.

ரூமுக்கு முழுப் பணமும் கேட்கிறவர் வேண்டவே வேண்டாம். ஒரு ராத்திரி வாடகையில் பாதிக்கு மேல் முன்பணம் தராதீர்கள். வாசல் போர்டு, வண்டி நிறுத்தும் இடம், உங்களுக்குத் தரப்போகும் அறை, மூன்றையும் ஒரே வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக அங்கே இருப்பவர் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுவார்.

மண்டபம் ஒர்க்‌ஷாப்:

ரூம், பாஸ் எல்லாம் இருக்கட்டும். அந்த ஓம்னியின் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று கொழுந்தனிடம் கேளுங்கள். நம் பக்கத்தில் நூறு பேரைக் கேட்டால் தொண்ணூறு பேர் மாற்றியதே இல்லை, குறைந்தால் ஊற்றியதுதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். கடல் சூழ்ந்த நம் ராமேஸ்வரம் தீவில் கேட்கவே வேண்டாம். புது டாட் 3 ரக பிரேக் ஆயில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அதில் நாலு சதவீதத்துக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே கொதிநிலை 140 டிகிரிக்கு இறங்கலாம். ராமேஸ்வரம் ரோட்டில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, பிரேக் சூடாகாது, குறை தெரியாது. மலையில் இறங்கும்போது மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

ஆயிலை முழுக்க வடித்துப் புதிதாக ஊற்றி, பைப்பில் இருக்கும் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். அப்படியே வண்டியைத் தூக்கி, பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் அது செதில் செதிலாக உரியும். மேலே பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

கொழுந்தனுக்கு இதை மட்டும் சொல்லுங்கள்: எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டவே கூடாது. பிரேக்கை அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும், காலை அதன் மேலேயே வைத்திருக்கக் கூடாது. எதிரே ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழி விட வேண்டும்.

கீழக்கரை செவிலி:

அக்கா, மாமியாரை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டே கூட்டிப் போங்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிரும் சேர்ந்து மூச்சுக்குழாயை இறுக்கும். டிசம்பர் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும், நம் ஊரில் இருபதுக்குக் கீழே இறங்கினாலே போர்வை தேடுவோம். இன்ஹேலர் பெட்டியில் இருக்கக் கூடாது, அவர்கள் இடுப்புப் பையில் இருக்க வேண்டும். காலையில் வெளியே வரும்போது மூக்கையும் வாயையும் சேர்த்து மஃப்ளரால் சுற்றிவிடுங்கள். ஏறிய முதல் நாள் நடக்கவிடாதீர்கள்.

தங்குமிடத்தில் கேம்ப் ஃபயர் போடுவார்கள், அந்தப் புகைக்குப் பக்கத்தில் அவர்கள் உட்கார வேண்டாம். இன்னொன்று, எல்லாருக்குமே சொல்கிறேன். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் கொடைக்கானலில் இறந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பளி கூடுதலாகக் கேளுங்கள், அடுப்பு மட்டும் வேண்டாம்.

பையனுக்கு வாந்தி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், எடைக்கு எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும். ஏறுமுன் இரண்டு இட்லி போதும். உங்கள் வீட்டுக்காரருக்கே தெரியும், படகில் புதுப்பையனுக்குத் தலை சுற்றினால் தூரத்தில் கரையைப் பார் என்பார்கள் இல்லையா? அதேதான் இதற்கும். காது ஆட்டத்தை உணரும், கண் வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும், இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டும். முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி நடுவில் உட்கார வையுங்கள். கையில் ஃபோன் கொடுக்காதீர்கள்.

பரமக்குடி வாத்தியார்:

இவ்வளவு சிரமம் எதற்கு, சிறுமலை போகலாமே. திண்டுக்கல்லுக்குப் பக்கம், 18 கொண்டை ஊசி வளைவு, கூட்டம் குறைவு. குளிரும் அவ்வளவு இல்லை, அம்மாவுக்கு நல்லது.

தங்கச்சிமடம் மருமகள்:

நன்றி சார். ஆனால் மாமியாருக்குக் கொடைக்கானல் சலேத் மாதா கோவிலைப் பார்க்க வேண்டும் என்று இருபது வருஷ ஆசை. இந்தப் பயணமே பாதி அதற்காகத்தான்.

ஒர்க்‌ஷாப் அண்ணனுக்கு ஒரு செய்தி. நேற்று வண்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். பிரேக் ஆயில் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. பின் பக்கம் பைப்பில் கை வைத்ததும் துரு பொடியாக உதிர்ந்து கொழுந்தன் உள்ளங்கையில் நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை, அதை அப்படியே கொண்டுவந்து என் வீட்டுக்காரரிடம் காட்டினார். இரண்டு பைப்பும் மாற்றியாகிவிட்டது. முழுப் பணம் கேட்டவரிடம் வீடியோ கால் கேட்டேன், அப்புறம் அவர் பேசவில்லை. வேறொருவர் தானாகவே நடந்து போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து ஆவி வருகிறவரை காட்டினார். இரண்டு ராத்திரிக்கு அவரிடமே பேசி, பாஸும் போட்டுவிட்டோம்.

வத்தலக்குண்டு வண்டிக்காரர்:

ரொம்ப நல்லது தங்கச்சி. சலேத் மாதா கோவில் 1866-ல் கட்டியது, அம்மா நிதானமாக இருந்து ஜெபிக்கட்டும், வெள்ளி மாலை அங்கே போங்கள். சனிக்கிழமை தூண் பாறை, குணா குகைப் பக்கம் போனால் நாள் முழுக்க வண்டிக்குள்தான். விடிந்ததும் மன்னவனூர் ரோட்டில் பூம்பாறைக்கு விடுங்கள். மலைப்பூண்டு அங்கே வாங்குங்கள், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. ஞாயிறு எட்டு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

தங்கச்சிமடம் மருமகள்:

ஞாயிறு மாலை ஆறரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் தூங்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

மகன் ஏறும்போது ஒரே ஒரு தடவைதான் எடுத்தான், அதுவும் மலைப்பாதையில் ஊத்து என்ற ஊர் தாண்டி. அவன் அப்பா அவனைப் பிடித்துக்கொண்டு, "கரையைப் பாரு, கரையைப் பாரு" என்று மலையைக் காட்டிக்கொண்டே வந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி மாமியாருக்கு இழுப்பு வந்தது, இன்ஹேலர் இடுப்பில் இருந்ததால் உடனே எடுத்தார்கள், பத்து நிமிடத்தில் தணிந்தது. கோவிலில் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. வெளியே வந்து, நம் ஊர் ஆள்களுக்காகவும் சேர்த்துக் கேட்டுவிட்டேன், கடலில் இருக்கிறவர்களுக்காக, என்றார்கள்.

இறங்கும்போது கொழுந்தன் இரண்டாவது கியரை விடவே இல்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டார். மலையடிவாரத்தில் காட்ரோடு வந்து டீக்கடையில் நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். சூடு இருந்தது, தீய்ந்த வாடை இல்லை. ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் இதைக் கட்டாயம் சொல்லச் சொன்னார்.

ஒரு கிலோ மலைப்பூண்டு வாங்கி வந்திருக்கிறோம். பல் சின்னது, உரித்தால் கை முழுக்க வாடை நிற்கிறது. படகு திரும்பியதும் முதல் குழம்பு அதில்தான். அவர் வலைப்பையை எடுத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார், காலையில் டோக்கன்.